திருத்தணிக்குக் கண் எடுக்கப் போனேன்

காலை ஏழேகால் மணிக்குச் சென்னை சென்ட்ரலின் புறநகர் நடைமேடையிலிருந்து திருத்தணி ரயில் புறப்பட்டது. டிக்கெட் இருபது ரூபாய். தூரம் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊட்டிப் பக்கத்து மலையில் முந்தின நாள் பஸ் ஏறி, தூங்கியும் தூங்காமலும் வந்து இறங்கியிருந்தேன். தை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் விடிகாலைப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும், கிடக்க வேண்டும். இங்கே நான் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. கத்தரி, ஒட்டுக் கத்தி, நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டு, சுற்றிக் கட்ட பிளாஸ்டிக் தாள். நான் ஒரு பழப்பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக ஒட்டுக் கட்டுகிறவள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் மேசையில் இருப்பார்கள். அவர்கள் காட்டுகிற ஒரு மரத்தை நூறு மரமாக்கித் தருவது என் கை வேலை.

பீச் மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்காக இப்படி அலைந்தேன் என்று புரியாது. அது ஒரு பிடிவாதக்கார மரம். குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். சும்மா தூங்கினால் போதாது, குளிரில் தூங்க வேண்டும். எத்தனை மணி நேரம் குளிர் பட்டது என்று தனக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணிக்கை நிறைந்தால் மாசியில் உடம்பெல்லாம் பூ. நிறையாவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பூவைக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எங்கள் பண்ணையின் தாய் மரங்கள் இரண்டு வருடமாக அப்படித்தான் நிற்கின்றன. மலையில் குளிர் போதவில்லை. இந்தப் பங்குனிக்குள்ளும் பூக்காவிட்டால் பிடுங்கிவிட்டு வெண்ணெய்ப்பழம் வைப்பதென்று முடிவாகி, அடிமரங்களில் சிவப்புச் சாயம்கூட அடித்துவிட்டார்கள். அந்த மரங்களில் பாதிக்கு மேல் என் கையால் கட்டியவை. சாயம் அடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலையில், செடி வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு படம் வந்தது. இலையே இல்லாத குச்சிகள், குச்சி முழுக்க ரோஜா நிறப் பூ. "இது இன்ன மரம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. திருத்தணியில் போன மாசியில் பூத்தது" என்று கீழே எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் தாமோதரன். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, பீச். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற ஊரில், குளிரே இல்லாமல் ஒரு பீச் மரம் பூக்கிறதென்றால் அதைப் போல ஒன்றைத்தான் நாங்கள் வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தோம். அதன் கண் கொஞ்சம் கிடைத்தால் போதும், சாயம் அடித்த மரங்களின் கிளைகளில் கட்டிவிடலாம், மரங்கள் பிழைத்துக்கொள்ளும்.

கண் என்பது எங்கள் தொழிலில் மொட்டு. குச்சியில் இலைக்காம்பு இருந்த இடத்துக்கு மேலே சின்னதாக முட்டிக்கொண்டிருக்கும். அதைப் பட்டையோடு செதுக்கி எடுத்து வேறொரு செடியில் பொருத்திக் கட்டினால் அதுதான் கண் ஒட்டு. மரம் தூங்கும்போது எடுத்த கண் பயணம் தாங்கும். தாமோதரனுக்குப் போன் செய்து மரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இப்ப தூங்கிகினு கீது மேடம். வாங்க, வந்து பாருங்க" என்றார்.

பீச் மரம் தூங்குகிறது என்று ஒருவர் தாமாகவே சொன்னதில் நான் மயங்கிவிட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் என்ன தொழில் செய்கிறார் என்றுகூட.

ஒன்பதரைக்குத் திருத்தணி. ரயிலோடு வந்த கூட்டம் பாதி மலையைப் பார்த்துக் கும்பிட்டபடி இறங்கியது. நான் ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. முகவரியைச் சொன்னேன்.

"பாக்ஸ் தாமு வீட்டுக்கா? அறுவது ரூபா ஆகுங்க" என்றவர், கொஞ்ச தூரம் போனதும், "இன்னா விஷயமா வந்துகினு கீறீங்க?" என்றார்.

"கண் எடுக்கணும்ங்க, அவ்வளவுதான்."

ஆட்டோ மெதுவானது. கண்ணாடியில் என் முகத்தையும் மடியில் இருந்த பையையும் பார்த்தார்.

"எத்தினி மணிக்குங்க ஆச்சு?"

புறப்பட்ட நேரத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நேத்து சாயங்காலமே" என்றேன்.

"ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்துடணும்னு சொல்லுவாங்களே."

"அதெல்லாம் பழைய பேச்சுங்க. ஈரத் துணியில சுத்தி வெச்சா பத்து நாள்கூடத் தாங்கும்."

அவர் நெற்றி விபூதியைத் தொட்டுக்கொண்டார். "ரெண்டும் எடுத்துடுவீங்களா?"

"ரெண்டு எந்த மூலைக்குங்க? ஒரு இருபதாவது வேணும். கத்தி கொண்டு வந்திருக்கேன்."

தாமோதரன் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, "அதோ" என்று கையை மட்டும் காட்டினார். அறுபது ரூபாயை நீட்டினேன். "வேணாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்தைவிட வேகமாகப் போய்விட்டார். கோயில் ஊர்க்காரர்கள் தங்கமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், மடித்த ஷாமியானா, மூங்கில் கட்டு. அதற்கு அந்தப் பக்கம், ஆள் நீளத்துக்கு இரண்டு பெட்டிகள், கண்ணாடி மூடி போட்டு. பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிகள். பாக்ஸ் தாமு என்பதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆட்டோக்காரரிடம் நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

தாமோதரன் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாத குரல். டீ வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"முதல்ல மரத்தைப் பாத்துடறேன். எங்கங்க இருக்கு?"

"இங்கதான்" என்று அவர் பெட்டியைக் காட்டினார்.

ஒரு பெட்டி மட்டும் மின்சாரத்தில் மாட்டப்பட்டு உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடிமேல் ஈரம் புகைபோலப் படிந்திருந்தது. அவர் தோள் துண்டால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, குனிந்து பார்க்கும்படி நகர்ந்து நின்றார். நான் குனிந்தேன்.

உள்ளே ஒரு மரம் படுத்திருந்தது. ஐந்தடி உயரம் இருக்கும். வேர்ப்பக்கம் பெயின்ட் வாளியோடு சாக்கு சுற்றி, கிளைகளை வெள்ளைத் துணி நாடாவால் சேர்த்துக் கட்டி, தட்டின்மேல் நீட்டிப் படுக்க வைத்திருந்தார். ஒரு இலை இல்லை. செம்பழுப்புக் குச்சிகளில் கண்கள் வரிசையாக இறுகி மூடியிருந்தன. பெட்டியின் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் 5 டிகிரி என்று எரிந்துகொண்டிருந்தது. பெட்டி உறுமும்போது மெல்லிய குச்சிகள் லேசாக நடுங்கின. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் மரத்தைத் தொட்டிருக்கிறேன், ஒரு மரத்தைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

பயம் தணிந்ததும் கோபம் வந்தது. அதிசயமும் இல்லை, ஒன்றும் இல்லை. குளிர் கொடுத்தால் எந்தப் பீச் மரமும் பூக்கும். எங்கே கொடுத்தால் என்ன, யார் பெட்டியில் கொடுத்தால் என்ன? இதன் கண் என் மலைக்குப் பைசாவுக்கு உதவாது. மலையிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக வந்தது இதைப் பார்க்கத்தானா என்று என்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மொத வருஷம் பூக்கல மேடம்" என்றார் அவர், நான் கேட்காமலே. "எல கூட உதிரல, கிழிஞ்சி கிழிஞ்சி நின்னுகினு இருந்துச்சு. நர்சரிகாரரு ஒருத்தரு இது குளிரு நாட்டு மரம்னாரு. சரி, பொறந்த எடத்துக்கே அனுப்பிப் பாப்போம்னு வெச்சேன். பொண்ண பொறந்த வீட்டுக்கு அனுப்பற மாரி. பூத்துடுச்சு."

"பொறந்த இடமா?"

"ஆங். இது இந்தப் பொட்டியிலதான் மேடம் மொளச்சிது."

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு தை மாதம். சாவு அதிகமாக இருந்த மாதம். இந்தப் பெட்டி ஆறு வீடுகளுக்குப் போய்விட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் தட்டைக் கழுவித் துடைப்பார். மாதக் கடைசியில் தட்டையே கழற்றி அடியில் தண்ணீர் வடிகிற பள்ளத்தைச் சுத்தம் செய்தபோது, அங்கே ஒரு கொட்டை கிடந்தது. பாதாம் என்று நினைத்தாராம். கொட்டை வாய் பிளந்து, வெள்ளையாக ஒரு வால் விட்டிருந்தது.

"வாரி வெளிய கொட்ட மனசு வரல. செத்தவங்க ஆறு பேருல யாரு கூடயோ வந்தது. யாருன்னு தெரியல. சாவு வூட்ல போய் கொட்ட உங்களுதான்னு கேக்க முடியுமா?"

வளர்த்துவிட்டார். மழைக்காலம் முடிந்ததும் இலைகளை உருவிவிட்டு மரத்தைப் பெட்டியில் வைப்பார். போன் வந்தால் மரத்தை எடுத்து வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டியை அனுப்புவார். திரும்பி வந்ததும் கழுவி, மறுபடி மரம்.

"போன வருஷம் சாவு கம்மி மேடம். அதான் பூ ஜாஸ்தி. அதுக்கு மிந்தின வருஷம் பொட்டி வெளியவே சுத்திகினு இருந்துச்சு. மூணே பூ."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டேன். பழம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம், பதினோரு பழம். யாரும் தொடவில்லை. அவரும் தொடவில்லை. "அவங்களுத நான் துன்னலாமா?"

"சரிங்க. நாலு குச்சியாவது வெட்டிக்கறேன்." வெறுங்கையோடு திரும்பினால் பண்ணையில் சிரிப்பார்கள் என்ற வீம்பில்தான் அப்படிச் சொன்னேன்.

அவர் தலையாட்டினார், இல்லை என்று. "மரம் என்னுது இல்ல மேடம். யாருதுன்னு தெரியாம எப்படிக் குடுப்பேன்? அதுக்குத்தான் உங்கள வரச்சொன்னேன். நீங்க படிச்சவங்க. கொட்ட எந்த வூட்டுதுன்னு மரத்த பாத்து சொல்லிடுவீங்கன்னு."

சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. நான்கு வருடமாக இந்த மனிதர் ஆறு வீடுகளில் எந்த வீட்டு வாசலில் இதை இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பீச் கொட்டையும் அந்த மரம் மாதிரித்தான், பிடிவாதம். ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடந்தால்தான் விழிக்கும். "ஒரு சாவுக்கு உங்க பெட்டி எத்தனை நாள் ஓடும்?"

"ஒரு நாளு. பையன் துபாய்ல இருந்தா மூணு நாளு."

"அது பத்தாதுங்க. பெட்டிக்கு வர்றதுக்கு முன்னாலேயே அது மாசக்கணக்காக் குளிர்ல இருந்திருக்கு. யாரோ தெரிஞ்சே, ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜில வெச்சு, பாத்துப் பாத்து எழுப்பிக்கிட்டு இருந்திருக்காங்க."

இந்த வெயில் ஊரில், செத்துப்போன யாரோ ஒருவர், என் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

பத்தேமுக்காலுக்குத் தாமோதரனின் போன் அடித்தது. "ஆங்... ஆங்... எப்போ?... வந்துகினே இருக்கேன்" என்றார். ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் போய்விட்டாராம். இன்னொரு பெட்டியில் குளிரூட்டும் கேஸ் தீர்ந்திருந்தது. இதைத்தான் கொண்டுபோக வேண்டும். மரத்தைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன். தண்டு என் உள்ளங்கையில் பட்டது. அந்தக் குளிர் எங்கள் ஊர்க் குளிர். விடியற்காலையில் மரத்தைத் தொட்டால் இருக்குமே, அதே.

மரத்தை நிறுத்தி வைத்துவிட்டு அவர் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் உறுமல் நின்றது. பிளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், ஃப்ரிட்ஜின்னீங்களே. அம்மையார்குப்பத்துல ஒரு வூடு. தறிக்காரங்க. பொட்டிக்குப் பிளக் பாயின்ட்டு வேற இல்லன்னு அவங்க ஃப்ரிட்ஜ் பிளக்கத்தான் புடுங்கிட்டு மாட்டினேன். அந்த மாசந்தான்."

குட்டி யானை வண்டியின் பின்னால் பெட்டியை ஏற்றினோம். அப்படியே அந்தத் தறிக்காரர் வீட்டுக்கும் போய்விடலாம் என்று மரத்தையும் பக்கத்திலேயே நிறுத்திக் கயிறு போட்டோம். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். சுமார் இருபது கிலோமீட்டர். வெயிலில் கண் கூசியது. கரும்பு வெட்டிய வயல்கள், செங்கல் சூளை, மாந்தோப்பு. பெட்டியைக் கண்டதும் எதிரே வந்த சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்றார்கள். ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்தார். இலை இல்லாத மரம் ஒன்று பெட்டிக்குக் காவல் மாதிரி நின்றுகொண்டு போவதை எல்லோரும் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. சாவு வீட்டில் பெட்டியை இறக்கி மாட்டிவிட்டு வர அரை மணி ஆனது. அதுவரை நான் வண்டியில் மரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்தவர்களில் ஒரு கிழவர் மரத்தடியில் ஒரு மாலையை வைத்துவிட்டுப் போனார்.

பன்னிரண்டரை மணிக்கு அம்மையார்குப்பம். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் காதை அடைத்தது. தாமோதரன் ஒரு வீட்டின் முன் நிறுத்தி வாசலில் போய் நின்றார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி ஓய்ந்தது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர், தலையில் பஞ்சுத் தூசியோடு எட்டிப் பார்த்தார். பெயர் வரலட்சுமி என்று தாமோதரன் வழியில் சொல்லியிருந்தார். பெட்டிக்காரரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்குண்ணா?"

"ஐயோ, யாருக்கும் இல்லம்மா. இவங்க ஊட்டியிலேர்ந்து..." என்று அவர் தடுமாற, உதவி செய்வதாக நினைத்து நான் முந்திக்கொண்டேன். பட்டும் புத்தி வராது என்பதற்கு என்னைத்தான் காட்ட வேண்டும்.

"கண் எடுக்க வந்திருக்கேன்ங்க."

வரலட்சுமி என்னையே பார்த்தார். பயம் போய், முகத்தில் வேறு ஒன்று வந்தது.

"அன்னிக்கே வந்து எடுத்துகினு பூட்டாங்களேக்கா" என்றார் மெதுவாக. "ரெண்டும் குடுத்துட்டேனே. இன்னும் இன்னா இருக்கு?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தாமோதரன் வண்டியிலிருந்து மரத்தை இறக்கிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். கொட்டையைப் பற்றிச் சொன்னார். பெட்டி, பள்ளம், வெள்ளை வால். சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கணவர் (பாவா என்றுதான் அவரைச் சொன்னார்), நெய்த சேலைகளை ஊட்டியில் போய் விற்றுவிட்டு வருகிறவர். ஒருமுறை பழம் வாங்கி வந்தார். அதன் கொட்டையை நட்டுப் பார்த்தார், முளைக்கவில்லை. அடுத்த வருடமும் வாங்கினார், நட்டார், முளைக்கவில்லை. வாசலில் வெறும் தொட்டிகளாகச் சேர்ந்தன. தெருவில் கேலி செய்தார்கள். ஒரு நாள் மலையில் ஏதோ பண்ணைக்குப் போன் போட்டுக் கேட்டாராம்.

"யாரோ ஒரு பொம்பள எடுத்துச்சாம். நடாதீங்க, ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜில வையுங்க, மூணு மாசம் குளிரு வுடவே கூடாதுன்னுச்சாம். அதிலேர்ந்து என்ன ஃப்ரிட்ஜிய தொறந்து வெக்கக்கூட வுட மாட்டாரு. குளிரு பூடும், குளிரு பூடும்னு சொல்லிகினே இருப்பாரு."

எங்கள் பண்ணைப் போனுக்கு அப்படிக் கேட்டு வாரம் நாலு பேர் பேசுவார்கள். எடுப்பது பெரும்பாலும் நான்தான். எல்லோருக்கும் இதே பதில்தான் சொல்வேன், வேலை நடுவில், முகம் தெரியாமல், சில சமயம் எரிச்சலோடு. அவருக்குச் சொன்னது நானா, தெரியாது. நினைவில்லை. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அன்னிக்கு அண்ணன் ஃப்ரிட்ஜ் பிளக்க புடுங்கிட்டாரு" என்றார் வரலட்சுமி. "எல்லாரும் அழுதுகினு கீறாங்க. எனக்கு இது நெனப்பு வந்துச்சு. குளிரு வுட்டுடுமே. வேற குளிரு எங்க இருக்கு? எடுத்தாந்து அவரு கால்கிட்ட, துணிக்கு அடியில வெச்சேன். அப்பால எடுத்துக்கலாம்னு. தூக்கிகினு போறப்ப மறந்துட்டேன்க்கா. கூடவே போயி எரிஞ்சிடுச்சுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். அவரு ஆச ஆசயா வெச்சிருந்தத நானே எரிச்சிட்டேன்னு."

பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு குச்சியைத் தொட்டு, அதன் மொட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இதத்தான் கண்ணுன்றீங்களா?"

"ஆமாங்க."

"அவரு கண்ணு ரெண்டும் யாருக்குப் போச்சுன்னு எவ்வளவோ கேட்டேன். சொல்லக் கூடாதாம். நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொன்னாங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத எடுத்துக்குங்க. ஆனா இது எங்க போவுது, இன்னா ஆச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லணும்."

இந்தக் கண் எனக்கு உதவாது, குளிர் இல்லாமல் இது பூக்காது என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கத்தியை எடுத்து நான்கு கண்ணோடு ஒரே ஒரு குச்சியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றினேன். வெட்டிய இடத்தில் அவர் மஞ்சள் குழைத்துத் தடவினார்.

மரம் யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. இங்கேயே இருக்கட்டும் என்றார் தாமோதரன். "குளிருக்கு மட்டும் நான் வந்து எடுத்துகினு போறேன்மா. இந்தப் பொட்டி நாளைக்குத் திரும்பிடும், மிச்ச நாளுக்கு வெச்சிட்டுக் கொணாந்து வுட்டுடறேன்."

"ஆங்" என்றார் வரலட்சுமி. "பொறந்த வூட்டுக்குப் போயிட்டு வரட்டும்."

மூன்றரை மணி ரயிலுக்குத் திருத்தணி நிலையத்தில் நின்றபோது காலையில் பார்த்த ஆட்டோக்காரர் தென்பட்டார். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த என் பையைப் பார்த்தார்.

"கெடச்சுதுங்களா?" என்றார், எட்ட நின்றபடியே.

விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எங்கிருந்து தொடங்குவது? "கிடைச்சுதுங்க. நாலு" என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. திருத்தணிக்காரர் ஒருவர் ஒரே ஒரு மரத்துக்காகத் தகரக் கொட்டகையில் ஒரு குளிர்காலத்தை வைத்திருக்கிறார். எங்கள் மலைக்குக் குளிர்காலம் தானாக வரும் என்று நாங்கள் ஆணவத்தோடு இருந்துவிட்டோம். இன்னும் கொஞ்ச வருடத்தில் எங்கள் ஊரிலும் மரத்தைப் பெட்டியில் படுக்க வைக்க வேண்டி வரலாம் என்று தோன்றியது. அப்போது எங்களுக்கும் சாவு கம்மியான வருடம்தான் நல்ல வருடம். இந்த நினைப்பு அரக்கோணம் தாண்டியும் போகவில்லை.

ஊருக்கு வந்து மூன்றாம் நாள், சாயம் அடித்த மரங்களுக்கு எதிரே, ஒட்டுக் கட்டவென்று வளர்த்திருந்த வேலியோரத்து அடிச்செடி ஒன்றில் நான்கு கண்ணையும் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மாசி போயிற்று. தாய் மரங்கள் பூக்கவில்லை. பங்குனி முதல் வாரத்தில் ஒரு காலை, கட்டிய நாலில் மூன்று கறுத்துப் போயிருந்தன. கடைசி ஒன்று பட்டையைத் தள்ளிக்கொண்டு, நகக்கண் அளவுக்குப் பச்சையாக விரிந்திருந்தது. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"ஒண்ணு கண் திறந்துடுச்சுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"எதப் பாத்துகினு கீதுக்கா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் குனிந்து, அந்தக் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன். நேர் எதிரே, தாய் மரங்கள் சிவப்புச் சாயத்தோடு வரிசையாக நின்றிருந்தன.

"எங்க மரங்களைத்தான்" என்றேன்.

"பூத்துக் கீதா?"

"இல்லைங்க. வர்ற வாரம் பிடுங்கறாங்க."



"அப்ப அத இந்தப் பக்கமா திருப்பி வுட்டுடுங்கக்கா" என்றார். "பாக்க வேணாம்."